540 படகு இன்ஜினுக்கு எந்த ரிங், எவ்வளவு கேப்?

#1 நன்னீரோடி

பிஸ்டன் ரிங்கும், அதன் இரு முனைகளுக்கு நடுவே விடும் கேப்பும்தான் கேள்வி. இன்ஜின் விவரத்தை முதலில் போட்டுவிடுகிறேன்.

ஷெவ்ரலே ஜென் 6, 502 பிளாக். 4.470 அங்குல போரை (சிலிண்டர் விட்டத்தை) 30 தௌ ஏற்றி 4.500 ஆக்கியிருக்கிறது. கிராங்க் 4.250 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஆக 540 கன அங்குலம். பிஸ்டன் 2618 அலாய் ஃபோர்ஜ்டு, இன்னும் ஆர்டர் போடவில்லை, அதனால் ரிங் உட்காரும் காடியின் அகலத்தை நாமே சொல்லிக்கொள்ளலாம். படகு ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் அலகு பின்புறம் வெளியே). ஓடுமிடம் அமெரிக்காவில் மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரி. ஏரித் தண்ணீரே நேராக பிளாக்குக்குள் போய் வெளியே வருகிறது, தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ். உச்ச வேகம் 5200 ஆர்பிஎம். இப்போதைக்கு சூப்பர்சார்ஜர் இல்லை, அடுத்த சீசனில் 6 பிஎஸ்ஐ பெல்ட் சூப்பர்சார்ஜர் வரும்.

மனதில் இருக்கும் மூன்று வழி:
ஒன்று, 1/16, 1/16, 3/16 அங்குல செட் (மேல் ரிங், இரண்டாவது, எண்ணெய் ரிங் என்ற வரிசையில் அகலம்), மேல் ரிங் டக்டைல் இரும்பு, முகத்தில் மாலிப்டினம்.
இரண்டு, 1.2, 1.5, 3.0 மில்லிமீட்டர் செட், மேல் ரிங் நைட்ரைட் செய்த எஃகு.
மூன்று, முதல் வழியே, ஆனால் இரண்டாவது ரிங் மட்டும் கேப்லெஸ் (முனைகளுக்கு நடுவே திறப்பு இல்லாத வகை).

கேப் கணக்கு கார்க்காரர்கள் சொல்வது: போர் × 0.0045. அதாவது 4.5 × 0.0045 = 20 தௌ. இது போதுமா?

#2 லேத்துக்காரர்

போதாது. அது காருக்கான எண். டிராக் ரேஸ் கார் முழு திராட்டிலில் 10 விநாடி ஓடும். சாலைக் காரில் யாரும் அரை மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டிருப்பதில்லை. படகில் அதுதான் வழக்கமே. புரொப்பெல்லர் எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; இறக்கம் கிடையாது, சிக்னல் கிடையாது, கியர் மாற்றும்போது கிடைக்கும் மூச்சும் கிடையாது. ரிங்குக்கு ஆறுவதற்கே நேரமில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 தௌ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்.

இந்த 540-க்கு என் எண்கள்:
சூப்பர்சார்ஜர் இல்லாமல்: மேல் ரிங் 0.0050, இரண்டாவது 0.0055. அதாவது 23, 25 தௌ.
6 பிஎஸ்ஐ வரப்போகிறது என்றால்: 0.0060, 0.0065. அதாவது 27, 29 தௌ.

அடுத்த சீசனில் சூப்பர்சார்ஜர் நிச்சயம் என்றால் இப்போதே 27, 29 அரத்துக்கொள்ளுங்கள். கேப்பைக் கூட்ட மறுபடியும் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு சீசன் 4 தௌ கூடுதல் கேப்போடு ஓடுவது ஒன்றுமே இல்லை.

#3 வெப்பக்கணக்கு

லேத்துக்காரர் ஐயா சொன்னதற்கு எண் வைத்துப் பார்க்கலாம். போர் 114.3 மில்லிமீட்டர், சுற்றளவு 359. இரும்பு ஒரு டிகிரிக்கு மில்லிமீட்டருக்கு சுமார் 0.000011 நீளும். ரிங், சிலிண்டர் சுவரைவிட 110 டிகிரி சூடாக இருந்தால் 359 × 0.000011 × 110 = 0.43 மில்லிமீட்டர், அதாவது 17 தௌ காலி. 140 டிகிரி வித்தியாசம் என்றால் 0.55 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 22 தௌ. நீங்கள் விட்டது 20. முனைகள் முட்டிவிட்டன.

இதில் சிலிண்டர் சுவர் எவ்வளவு சூடு என்பதுதான் படகுக்கு விசேஷம். கார் பிளாக் 85, 90 டிகிரியில் நிற்கும், போரும் கூடவே விரியும். ஏரித் தண்ணீர் ஓடும் பிளாக் 60-ல் நிற்கிறது. அந்த 25 டிகிரி வித்தியாசத்துக்கே 0.1 மில்லிமீட்டர், 4 தௌ. சூடான பிஸ்டன், குளிர்ந்த பிளாக். ரிங் கேப்புக்கு மட்டுமல்ல, பிஸ்டன் கிளியரன்ஸுக்கும் இதே வம்புதான்.

#4 ஹோன்கல்

ஒரு திருத்தம். ரிங் தன் சூட்டைச் சுவருக்குத்தான் கொடுக்கிறது. சுவர் 25 டிகிரி குளிர்ந்தால் ரிங்கும் ஓரளவு கூடவே குளிரும். அதனால் முழு 4 தௌவும் போகாது. 4 என்பது மேல் வரம்பு.

#5 வெப்பக்கணக்கு

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். 2 அல்லது 3 என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் 20-லிருந்து கழிக்க வேண்டிய கணக்குதான் அது.

இன்னொன்று, கேப் பெரிதானால் கம்ப்ரஷன் எல்லாம் ஒழுகிவிடும் என்ற பயம். கசியும் பாதையின் பரப்பு என்பது கேப் பெருக்கல் பிஸ்டன் மேட்டுக்கும் (காடியை ஒட்டிய பிஸ்டன் விளிம்பு) சுவருக்கும் உள்ள இடுக்கு. 6 தௌ கூடுதல் என்றால் 0.15 மில்லிமீட்டர், இடுக்கு 0.3 என்று வையுங்கள். 0.045 சதுர மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்கூட விட்டமில்லாத ஒரு துளை. இதுவும் அறை வெப்பத்தில் உள்ள நிலை. ஓடும்போது அந்த 6 தௌவில் பெரும்பகுதி மூடிக்கொண்டிருக்கும். சிலிண்டர் கசிவை அளக்கும் லீக்-டவுன் மீட்டரில் ஒரு புள்ளி கூடலாம், புரொப்பெல்லருக்கு அது தெரியாது.

#6 நன்னீரோடி

கேப் விஷயம் தெளிவு. முட்டியதா இல்லையா என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது ரிங் கேப் ஏன் மேல் ரிங்கைவிடப் பெரிது? அங்கே சூடு குறைவுதானே?

#7 லேத்துக்காரர்

முட்டியதைக் கண்டுபிடிக்க ரிங்கைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். மங்கலாக, லேசான கரி படிந்திருந்தால் முட்டவில்லை. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு முனை மட்டும் மினுங்கினாலும் அதே பொருள்தான். அதற்கு மேல் போனால் சுவரில் நெடுக்குக் கீறல், பிறகு ரிங் சுவரை இறுகப் பிடித்து, பிஸ்டனின் மேல் மேட்டையே பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த பிஸ்டனைப் பார்த்ததும் எல்லோரும் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். ரிங் முனையையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நாக்கிங்கில் உடைந்ததென்றால் முனைகள் மங்கலாகவே இருக்கும், மேடு நொறுங்கியிருக்கும், பிளக் பீங்கானில் அலுமினியப் புள்ளிகள் தெறித்திருக்கும்.

இரண்டாவது கேள்வி. மேல் ரிங்கைத் தாண்டி வரும் வாயு இரண்டு ரிங்குக்கும் நடுவே தேங்கும். வெளியேற வழி சிறிதாக இருந்தால் அழுத்தம் ஏறி மேல் ரிங்கைக் காடியின் அடிப்பக்கத்திலிருந்து தூக்கும். தூக்கிய ரிங் அடைக்காது, படபடக்கும். அதனால் கீழே வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கிறோம். இரண்டாவது ரிங்கின் முக்கிய வேலை எண்ணெயை வழிப்பது, அடைப்பதில் அதன் பங்கு கொஞ்சம்தான்.

இதனால்தான் உங்கள் மூன்றாவது வழி எனக்கு ஒப்பவில்லை. கேப்லெஸ் வேண்டுமென்றால் மேல் ரிங்கில் போடுங்கள். இரண்டாவதில் போட்டால் தேங்கும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை.

#8 ஆழ்துறை

மூன்றாவது வழியை அப்படி ஒரேயடியாகத் தள்ளவேண்டாம் ஐயா. டோட்டல் சீல் கேப்லெஸ் இரண்டாவது ரிங் பல ஆண்டுகளாகப் படகுகளிலும் ஓடுகிறது. கிராங்க்கேஸுக்குள் பெட்ரோல் இறங்குவது குறையும். 60 டிகிரி தெர்மோஸ்டாட் இன்ஜினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து நீர்த்துப்போவது சின்ன விஷயமா?

#9 லேத்துக்காரர்

சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்கு மருந்து ரிங்கில் இல்லை. எண்ணெய்க் கூலருக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வைத்து எண்ணெயை 100 டிகிரிக்குப் பக்கம் நிறுத்தினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். பல படகுகளில் எண்ணெய்க் கூலருக்குள் ஏரித் தண்ணீர் கட்டுப்பாடே இல்லாமல் பாய்கிறது, எண்ணெய் 60 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. அங்கே எந்த ரிங் போட்டாலும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனைதான்.

கேப்லெஸ் ஓடாது என்று சொல்லவில்லை. நான் கட்டினால் போடமாட்டேன், அவ்வளவுதான்.

#10 ஹோன்கல்

அகலத்துக்கு வருவோம். 1.2 மில்லிமீட்டர் ரிங்கை யாரும் தொடவில்லையே.

மெல்லிய ரிங்குக்கு எடை குறைவு, உயர் ஆர்பிஎம்மில் படபடக்காது, சற்று வட்டம் தவறிய சிலிண்டரிலும் வளைந்து ஒட்டிக்கொள்ளும், உராய்வும் குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் 4.25 ஸ்ட்ரோக், 5200 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18.7 மீட்டர். இந்த வேகத்தில் 1/16 ரிங் படபடக்காது. அது 7500, 8000 சுற்றும் இன்ஜினின் கவலை. அலையில் குதித்து புரொப்பெல்லர் காற்றில் சுற்றும் கணத்தில் ஆர்பிஎம் எகிறும்தான். அதற்கு ரெவ் லிமிட்டர் இருக்கிறது.

இன்னொரு பக்கம்: பிஸ்டன் தலையின் சூட்டில் பெரும்பங்கு ரிங் வழியாகத்தான் சுவருக்குப் போகிறது. 2618 அலாயில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் மெத்தென்று இருக்கும், காடி சீக்கிரம் தேயும். மணிக்கணக்கில் முழு சுமை என்றால் எனக்கு 1/16 தான் நிம்மதி. பழைய 5/64 இன்னும் தடிமன், ஆனால் இந்தக் கட்டுமானத்துக்கு அது வேண்டாத கனம்.

#11 வெப்பக்கணக்கு

1.2 எஃகும் தாங்கும். மேல் காடியை ஹார்டு அனோடைஸ் செய்து வாங்கினால் தேய்மானம் பிரச்சினை இல்லை. 1/16-க்கும் அனோடைஸ் கேளுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் காடியின் அலுமினியம் ரிங்கின் அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த ரிங் சமமாக உட்காராது. ஓசார்க்ஸ் பக்கம் ஒரு சனிக்கிழமை ரிங் உடைந்தால் கடையில் 1/16 செட்தான் கையில் கிடைக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அகலத்தைவிட உலோகம் முக்கியம். மாலிப்டினப் பூச்சில் நுண்துளைகள் இருக்கும், எண்ணெயைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் படியும். தண்ணீர் மேல் தூசி கிடையாது, அதனால் குரோம் ரிங்கின் பெரிய அனுகூலம் இங்கே வீண். அது மண் பறக்கும் இடத்துக்கு. ஆனால் பிளாஸ்மா மாலிக்கு (பிளாஸ்மாவில் தெளித்த மாலிப்டினப் பூச்சு) ஒரு பலவீனம்: நாக்கிங் வந்தால் பூச்சு உதிரும். சூப்பர்சார்ஜர் வருகிறதென்றால் அடியுலோகமாவது எஃகாக இருக்கட்டும். எஃகு மேல் மாலி, அல்லது நைட்ரைட் எஃகு. டக்டைல், சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது ரிங் சாதாரண வார்ப்பிரும்பு, சாய்வு முகம் அல்லது அடியில் கொக்கி வெட்டிய நேப்பியர் வகை. நேப்பியர் எண்ணெயை நன்றாக வழிக்கும்.

#12 ஆழ்துறை

எண்ணெய் ரிங்கை விட்டுவிட்டீர்கள். டிராக் ரேஸ் பிஸ்டன் செட்டோடு குறைந்த இழுவிசை எண்ணெய் ரிங் வரும். அது கிராங்க்கேஸில் வெற்றிடப் பம்பு இருக்கிறது என்று நம்பிச் செய்தது. படகில் பம்பு இல்லை, வெட் சம்ப் (எண்ணெய் இன்ஜினின் அடித் தொட்டியிலேயே இருப்பது). சாதாரண இழுவிசை என்று சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் பக்கம் நீலப் புகையோடு ஊர்வலம்தான்.

பிஸ்டன் ஆர்டர் போடும்போது ராடு நீளத்தையும் முடிவு செய்யுங்கள். 6.535 ராடு போட்டால் பிஸ்டன் பின் (ராடோடு பிஸ்டனை இணைக்கும் தண்டு) மேலே ஏறி எண்ணெய் ரிங் காடியையே வெட்டும், தாங்கு வளையம் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். 6.385 ராடு, 1.270 பக்கம் கம்ப்ரஷன் உயரம் (பிஸ்டன் பின்னின் நடுவிலிருந்து தலை வரை) என்றால் ரிங்குகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும், மேல் ரிங்கையும் பிஸ்டன் தலையிலிருந்து நன்றாகக் கீழே இறக்கலாம். சூப்பர்சார்ஜருக்கு அந்த மேடு தடிமனாக இருப்பது நல்லது. வாயுவை மேல் ரிங்கின் பின்னால் விடும் செங்குத்து கேஸ் போர்ட் துளைகள் வேண்டாம், கரி அடைத்துவிடும். மிகவும் ஆசையென்றால் பக்கவாட்டில் வெட்டியது.

#13 நன்னீரோடி

அப்படியென்றால் 1/16, 1/16, 3/16, மேல் ரிங் எஃகு மேல் மாலி, இரண்டாவது நேப்பியர், எண்ணெய் ரிங் சாதாரண இழுவிசை, கேப் 27, 29. ராடு 6.385. ஹோனிங்குக்கும் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) ரிங் மாட்டுவதற்கும் என்ன சொல்கிறீர்கள்?

#14 ஹோன்கல்

என் பேட்டைக்கு வந்துவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதில் முறுக்கும் தடித்த தகடு) இல்லாமல் ஹோன் செய்யும் பட்டறை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஹெட் போல்ட்டை முறுக்கினால் சிலிண்டர் மேல்பகுதி வட்டம் தவறும். பிளேட்டை, நீங்கள் போடப்போகும் அதே வகை போல்ட், அதே கேஸ்கெட், அதே டார்க்கில் முறுக்கித்தான் ஹோன் செய்யவேண்டும். வட்டம் தவறுவதும், மேலிருந்து கீழ் சரிவும் அரை தௌவுக்குள் இருக்கட்டும்.

போர் அடிக்கும்போது 3 அல்லது 4 தௌ மிச்சம் விடச் சொல்லுங்கள், ஹோன்தான் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். 220 கல்லில் ஆரம்பித்து, கடைசி ஒரு தௌவை 280 முதல் 320 கல்லில் எடுத்து, பிறகு 400 கல் அல்லது பிளாட்டோ பிரஷ்ஷால் சில வீச்சுகள். மாலிக்கு இந்த வழவழப்பு வேண்டும். குரோம் ரிங்காக இருந்தால் 220-லேயே நிறுத்தியிருப்பேன். குறுக்குக் கோடுகள் 45 டிகிரியை ஒட்டி. மிகவும் படுத்துவிட்டால் ரிங் எண்ணெய் மேல் சறுக்கி மிதக்கும், நிமிர்ந்துவிட்டால் எண்ணெய் சுவரில் தங்காமல் இறங்கிவிடும்.

முடிந்ததும் கழுவுவது. பெட்ரோல், தின்னரில் துடைத்தால் கல்துகள் கோடுகளுக்குள் இன்னும் அழுந்தி உட்காரும். வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ். பிறகு உடனே எண்ணெய் தடவி வெள்ளைத் துணியால் துடைக்கவும். துணியில் சாம்பல் நிறம் இருக்கும்வரை மறுபடி, மறுபடி. நான்கைந்து முறையாவது ஆகும். சோப்புத் தண்ணீர் காய்ந்து நின்றால் பத்து நிமிடத்தில் செம்பழுப்பு துரு படரும், அசட்டையாக இருக்காதீர்கள்.

#15 லேத்துக்காரர்

ரிங் பக்கம் நான் சொல்கிறேன்.

அரத்துப் பொருத்தும் செட் 4.505 என்று பெட்டியில் எழுதி வரும், 5 தௌ பெரியது. 4.500 என்றே எழுதிய செட் வாங்கினால் கேப் ஏற்கனவே வெட்டியிருக்கும், நீங்கள் நினைத்த எண்ணாக இருக்காது.

ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே அளவிடுங்கள். பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஒரு அங்குலம் தள்ளி நேராக உட்காரவைத்து, ஃபீலர் கேஜ். அரம் வெளிமுகத்திலிருந்து உள்முகம் நோக்கி மட்டும் போகவேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் மாலி விளிம்பு சில்லு பெயரும். ஒரு முனையை மட்டும் அரத்து, மற்ற முனையை அளவுகோலாக விட்டுவைக்கவும். இலக்குக்கு 3 தௌ முன்னாலேயே நிறுத்தி நிறுத்தி அளக்கவும். தாண்டிவிட்டால் புது ரிங்தான். முடிந்ததும் முனைப் பிசிறை நுண்ணிய கல்லால் ஒற்றி எடுக்கவும். சிலிண்டர் எண் எழுதிய உறையில் போட்டுவிடுங்கள், 24 வளையங்கள் ஒன்றோடொன்று கலந்தால் பொழுது போய்விடும்.

காடியில் பக்க இடைவெளி ஒன்றரை முதல் 3 தௌவுக்குள். ரிங்கின் உள்தடிமனும் பாருங்கள். எஸ்ஏஇ கணக்கில் போர் வகுத்தல் 22, இங்கே 0.2045. காடி அதைவிட ஆழம் குறைந்திருந்தால் ரிங் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

புள்ளி போட்ட பக்கம் மேலே. புள்ளி இல்லாமல் உள்விளிம்பில் சாய்வு வெட்டியிருந்தால்: மேல் ரிங்கில் அந்தச் சாய்வு மேல்நோக்கி, இரண்டாவதில் கீழ்நோக்கி. தலைகீழாகப் போட்ட இரண்டாவது ரிங் எண்ணெயை வழிக்காது, மேலே ஏற்றும்.

#16 இரட்டைவீச்சு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் கேப் எண்கள் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கும் பொருந்துமா? மெர்க்குரி 2.5 லிட்டர் வி6, 3.5 அங்குல போர்.

#17 ஆழ்துறை

எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், அந்த இன்ஜினின் கையேட்டைப் பாருங்கள். முக்கிய வித்தியாசம்: அதில் ரிங் சுழலாதபடி காடியில் ஒரு சிறு ஊசி இருக்கும், முனைகள் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. போர் அடித்தபின் போர்ட் விளிம்புகளைச் சாய்த்து மழுக்கவில்லை என்றால் முதல் சில நிமிடங்களிலேயே ரிங் மாட்டி உடையும். சுவர் குரோம் பூசியதென்றால் குரோம் ரிங் கூடாது. தனி இழை தொடங்குங்கள், பேசலாம்.

#18 ஹோன்கல்

540-க்குத் திரும்பினால், ஓட்டிப் பழக்குவது பற்றி. கிளம்பியதும் கரையில் நின்று ஐட்லிங்கில் அரை மணி நேரம் விடுவதுதான் ரிங்கைக் கெடுக்கும் உறுதியான வழி. ரிங் படிய வாயு அழுத்தம் வேண்டும். பழக்க எண்ணெய் மினரல். சூடேறியதும் கியரில் போட்டு 1500-க்கு மேல் வைத்து, 2500-க்கும் 3500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நிற்கவேண்டாம். முதல் 10 மணி நேரம் முக்கால் திராட்டிலுக்கு மேல் போகாமல் இருந்தால் போதும், அடுத்த 10 மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் முழு திராட்டில். 20 மணி கழித்து எண்ணெய் மாற்றம், ஃபில்டரை வெட்டிப் பார்க்கவும்.

#19 வெப்பக்கணக்கு

கேம்ஷாஃப்ட் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரிங் இழையில் கேம் எதற்கு என்று தோன்றலாம். எக்ஸாஸ்ட் குழாய்க்குள் தண்ணீர் கலந்து ஓடும் படகில், ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம் போட்டால் ஐட்லிங்கில் அந்தத் தண்ணீரே திரும்பி சிலிண்டருக்குள் வரும். நிறுத்தி வைத்த இடத்தில் ரிங்குகள் நின்ற உயரத்திலேயே சுவரில் துரு வளையம் விழும், எண்ணெய் ரிங் தகடுகள் காடியில் ஒட்டிக்கொள்ளும். கேப் 27-ஆ 25-ஆ என்று நாம் அடித்துக்கொண்டதெல்லாம் அப்புறம் வீண். லோப் சென்டர் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் நடுக்களுக்கு இடையிலான கோணம்) 112 டிகிரிக்குக் குறையாமல், 114 என்றால் இன்னும் நல்லது. குளிர்காலத்துக்கு ஏற்றிக் கட்டும்போது துரு பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து மூடவும்.

#20 நன்னீரோடி

கேம் 114 தான், ஓவர்லாப் குறைவு. பிஸ்டன் ஆர்டர் தாளில் இவ்வளவையும் எழுதிவிட்டேன்: போர் 4.500, 1/16, 1/16, 3/16, மேல் காடி அனோடைஸ், கம்ப்ரஷன் உயரம் 1.270, கேஸ் போர்ட் வேண்டாம். பிஸ்டன் கிளியரன்ஸ் மட்டும் பாக்கி.

#21 லேத்துக்காரர்

பிஸ்டன் தாளில் சூப்பர்சார்ஜர் வரிசையில் என்ன போட்டிருக்கிறதோ அதற்கு மேல் 1 தௌ. காலையில் ஐட்லிங்கில் கொஞ்சம் லொடலொடக்கும், சூடேறினால் நின்றுவிடும்.

எண்ணெய் ரிங்கின் எக்ஸ்பாண்டர் (தகடுகளை வெளியே தள்ளும் ஸ்பிரிங்) முனைகள் இரண்டும் எதிரெதிரே முட்டித்தான் நிற்கவேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. எட்டு பிஸ்டனையும் சிலிண்டருக்குள் இறக்குவதற்கு முந்தைய கணம் விரலால் தடவிப் பாருங்கள். தகடு மாட்டும்போது நன்றாக இருந்தது, கம்ப்ரஸர் பட்டையை இறுக்கும்போது ஏறிவிடும்.